ஸ்டோரேஜ் யூனிட் ஏலமும் போட்டிக்கு நிற்பவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை கட்டாமல் விட்டுப்போன ஸ்டோரேஜ் யூனிட்களை ஏலம் விடும் அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்தும் இங்கிருந்தும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் நாலு வருஷம் இந்த ஏலங்களுக்குப் போய்வந்தவன் நான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது பெரும்பாலும் கலிபோர்னியா நிலவரம்.

ஸ்டோரேஜ் யூனிட் என்பது என்ன? யாருடைய சாமான் ஏலத்துக்கு வருகிறது?

வரிசையாகக் கட்டிய ஷட்டர் அறைகள். மாத வாடகைக்கு எடுத்து, நாமே பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். 5-க்கு 5 அடியிலிருந்து 10-க்கு 20, அதற்கு மேலும் உண்டு. 10-க்கு 10 அறையில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட் சாமான் முழுக்க அடங்கிவிடும். அமெரிக்கா முழுவதும் இப்படி 50,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

வீட்டில் ஒருவர் இறந்துபோனால், மணமுறிவு ஆனால், ஊர் மாற வேண்டி வந்தால், பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போக நேர்ந்தால்தான் பெரும்பாலும் ஆட்கள் யூனிட் எடுக்கிறார்கள். அதாவது வாழ்க்கை கொஞ்சம் ஆடிப்போன நேரத்தில். அப்புறம் வேலை போகிறது, உடம்புக்கு முடியாமல் போகிறது, வாடகை நின்றுவிடுகிறது. "கைவிடப்பட்ட யூனிட்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் வேண்டாம் என்று விட்டுப் போனவர்களைவிட, கட்ட முடியாமல் இழந்தவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

எத்தனை நாள் பாக்கி வைத்தால் ஏலம் விடுவார்கள்?

கலிபோர்னியாவில் 14 நாள் வாடகை பாக்கியானால் நிறுவனம் முதல் நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நோட்டீஸில் குறைந்தது இன்னொரு 14 நாள் அவகாசம் இருக்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் யூனிட்டுக்குள் போக முடியாதபடி தடுத்துவிட்டு, "சாமானை விற்கப்போகிறோம்" என்று அடுத்த நோட்டீஸ். கூடவே ஆட்சேபம் தெரிவிக்க ஒரு படிவம். அதில் கையெழுத்துப் போட்டுக் காலத்துக்குள் திருப்பி அனுப்பினால் நிறுவனம் கோர்ட்டுக்குப் போகாமல் விற்க முடியாது. பிறகு பொது அறிவிப்பு, அதன் பிறகு ஏலம். நடைமுறையில் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். ஏலம் முடியும் முன் பாக்கியைக் கட்டினால் சாமானை மீட்டுக்கொள்ளலாம். ஏலத்துக்கு வந்து நின்றபின் "இந்த யூனிட் இன்றைக்கு இல்லை" என்று பட்டியலில் அடித்துவிடுவது இதனால்தான்.

ராணுவப் பணியில் இருப்பவரின் யூனிட்டை, பணிக்காலத்திலும் அது முடிந்து 90 நாள் வரையிலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் ஏலம் விடக்கூடாது. இது மத்திய சட்டம், நாடு முழுவதற்கும் பொருந்தும்.

ஏலத்தன்று என்ன நடக்கும்?

காலை ஒன்பது பத்து மணிக்கு ஆபீஸில் பெயர் எழுதி, விதிகள் உள்ள தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் ஏலம் விடுபவர் முன்னால் போக, இருபது முப்பது பேர் பின்னால் நடப்பார்கள். யூனிட் முன்னால் நின்று பூட்டை வெட்டி, ஷட்டரைத் தூக்குவார்கள். தூக்கியதும் முதலில் முகத்தில் அடிப்பது வாசனை. ஈரம் பிடித்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

வாசற்கோட்டைத் தாண்டக் கூடாது, எதையும் தொடக் கூடாது. டார்ச் அடித்து எட்டிப் பார்க்கலாம். அதற்கும் சில நிமிஷம்தான். அனுபவசாலிகள் பொருளைவிட அடுக்கியிருக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். ஒரே அளவுப் பெட்டிகள், டேப் ஒட்டி, பெயர் எழுதி, கண்ணாடிச் சாமானைப் போர்வையால் சுற்றி வைத்திருந்தால், அக்கறையுள்ள ஒருவர் வைத்த சாமான். கறுப்புக் குப்பைப் பைகள் மலையாகக் கிடந்தால் அவசரத்தில் காலி செய்த வீடு. தரையில் தூசி ஒரே சீராக இல்லாமல் நடுவில் மட்டும் துடைத்த மாதிரி இருந்தால், நல்லதை ஏற்கெனவே யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு ஏலம். நம்மூரில் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று நிதானமாகச் சொல்லி முடிப்போம். இங்கே ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் ராகம் போட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போவார். பழகாதவருக்கு எண்ணே காதில் விழாது. முதல் தடவை போகிறவர்கள் சும்மா நின்று கேட்டுவிட்டு வருவது நல்லது. ஜெயித்தவர் உடனே தன் பூட்டைப் போட்டுவிட்டு, பணத்தையும் துப்புரவு டெபாசிட்டையும் கட்டிவிட்டு, பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் அறையைப் பெருக்கிக் காலி செய்து கொடுக்க வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுப் போக முடியாது.

எதிரெதிரே ஏலம் கேட்பவர்கள் என்னென்ன உத்தி செய்கிறார்கள்?

ஒரே ஊரில் ஏலத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஒருவர் எதை விற்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியும். பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவர், ஞாயிறு சந்தையில் விரிப்பவர், இணையத்தில் காமிக்ஸும் பொம்மையும் விற்பவர். ஷட்டர் தூக்கியதும் தேக்கு மேஜை கண்ணில் பட்டால், மரச்சாமான்காரர் எவ்வளவு வரை போவார் என்று மற்றவர்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

அதிகம் நடப்பது, எதிராளிக்கு விலையை ஏற்றிவிடுவது. தனக்கு அந்த யூனிட் வேண்டாம். ஆனால் எதிராளி விடமாட்டார் என்று தெரியும். நூறு நூறாக ஏற்றி, அவர் கையிருப்பைக் கரைத்துவிட்டு, சரியான நேரத்தில் விலகிவிடுவார். அடுத்த யூனிட்டில் அவருக்குப் போட்டி போடப் பணம் இருக்காது. இதில் ஆபத்தும் உண்டு. அவரும் அதே நொடியில் விலகினால் வேண்டாத யூனிட் உங்கள் தலையில்.

இன்னொன்று, 60, 70, 80 என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று 400 என்று சொல்வது. தயங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒரே அடியில் ஒதுங்கிவிடுவார்கள். கடைசி வரை வாயே திறக்காமல் இருந்துவிட்டு, இருவர் களைத்த பிறகு நுழைபவரும் உண்டு. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. டார்ச் வெளிச்சத்தை ஒரே இடத்தில் ரெண்டு விநாடி கூட நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவரும் அங்கே பார்ப்பார்.

இதெல்லாம் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. போட்டி என்றால் அப்படித்தான்.

அனுபவசாலிகள்கூட ஏன் அதிக விலை கொடுத்துவிடுகிறார்கள்?

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, நான் ஒரு 10-க்கு 10 யூனிட்டை 425 டாலருக்கு எடுத்தேன். 200 வரை போகலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நீலத் தொப்பி போட்ட ஒருவர் அதற்கு முந்தைய இரண்டு யூனிட்களையும் என்னிடமிருந்து பறித்திருந்தார். இதையும் விடக்கூடாது என்ற எண்ணம்தான் அப்போது மனசில் இருந்தது. 425 என்று நான் சொன்னதும் அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதவை நோக்கி நடந்துவிட்டார். உள்ளே ஒரு மெத்தை, குழந்தை சைக்கிள், அடியில் தண்ணீர் ஏறி ஒட்டிப்போன புத்தகப் பெட்டிகள் பன்னிரண்டு. விற்றது 90 டாலர். குப்பைக்கிடங்குக்குக் கட்டியது 60.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு: வென்றவரின் சாபம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் உரிமத்துக்கு ஏலம் கேட்ட நிறுவனங்கள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-ல் இதை விளக்கினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாத ஏலத்தில் ஆளாளுக்கு ஒரு மதிப்புப் போடுவார்கள். அதில் மிக அதிகமாகப் போட்டவர்தான் ஜெயிப்பார். பத்துப் பேர் பார்த்து, ஒன்பது பேர் "இவ்வளவு பெறாது" என்று விலகிய பொருளை அவர் வாங்கியிருக்கிறார். போட்டிக்கு ஆள் கூடக்கூட உங்கள் உச்ச விலையை இறக்க வேண்டும் என்பது இதிலிருந்து வரும் பாடம். நான் அதற்குப் பிறகு ஷட்டர் திறந்ததும் ஒரு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். ஏலம் ஆரம்பித்தபின் அதை மாற்றுவதில்லை.

போட்டி எதற்கு? வந்தவர்கள் பேசி வைத்துக்கொண்டு குறைந்த விலையில் எடுத்தால் எல்லோருக்கும் லாபம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத நினைத்தேன். எல்லோருக்கும் இல்லை. அங்கே வராத ஒருவருக்கு நஷ்டம்.

ஏலத்தில் வரும் பணம் முழுக்க ஸ்டோரேஜ் நிறுவனத்துக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். கலிபோர்னியாவில் அப்படி இல்லை. நிறுவனம் தன் பாக்கியையும் ஏலச் செலவையும் மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் வாடகைக்கு இருந்தவருடையது. அவர் ஒரு வருஷத்துக்குள் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும். வரவில்லையென்றால் அது கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கருவூலத்துக்குப் போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண்மணியின் பாக்கியும் செலவும் சேர்ந்து 400 டாலர் என்று வையுங்கள். இரண்டு பேர் விடாமல் மோதி 1,500-க்கு ஏலம் போனால், 1,100 டாலர் அவர் பெயரில் இருக்கும். நாலு பேர் காபிக்கடையில் பேசிவைத்து, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் வாய்மூடி நின்று 300-க்கு எடுத்துவிட்டால், அவருக்குச் சாமானும் போச்சு, பணமும் இல்லை, இன்னும் 100 டாலர் கடனும் நிற்கும். அந்த நாலு பேரும் அப்புறம் பார்க்கிங்கில் தங்களுக்குள் ஒரு ஏலம் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள்.

நம்மூரில் இதை சிண்டிகேட் என்போம். அமெரிக்காவில் 1890-ம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி இது குற்றம். தனிநபருக்குப் பத்து வருஷம் வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். வடக்கு கலிபோர்னியாவில் கடன் கட்டாத வீடுகளைக் கோர்ட் வாசலில் ஏலம் விட்டபோது இப்படிப் பேசிவைத்து எடுத்த ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்கள் மீது அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் 2011 முதல் வழக்குப் போட்டது. டஜன் கணக்கானவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்டோரேஜ் ஏலத்தில் தொகை சின்னது. ஆனால் செய்கிற வேலை அதேதான்.

இரண்டு பேர் கூட்டு வியாபாரம் வைத்து, கூட்டாளிகளாகவே ஒரு யூனிட் வாங்குவது வேறு விஷயம். போட்டியாளர்களாக நின்றுகொண்டு போட்டி போடாமல் இருப்பதுதான் குற்றம். "இன்றைக்கு நீ எடு, அடுத்தது எனக்கு விடு" என்று யாராவது காதில் சொன்னால், சிரித்துக்கொண்டே "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

டிவியில் காட்டுவது நிஜமா?

'ஸ்டோரேஜ் வார்ஸ்' 2010 டிசம்பரில் ஏ அண்ட் ஈ சானலில் தொடங்கியது. அதில் ஏலம் கேட்டவர்களில் ஒருவரான டேவ் ஹெஸ்டர் 2012 டிசம்பரில் வழக்குப் போட்டார். யூனிட்டுக்குள் தயாரிப்புக் குழுவே மதிப்புள்ள பொருட்களை வைத்தது, அதைத் தட்டிக்கேட்டதால் தன்னை நீக்கினார்கள் என்பது அவர் புகார். தரப்புகள் 2014-ல் சமரசமாகி வழக்கை முடித்துக்கொண்டன. ஆக, எது உண்மை என்று கோர்ட் கடைசி வரை சொல்லவில்லை.

நான் பார்த்த ஏலங்களில் சண்டை, கூச்சல் கிடையாது. பெரும்பாலான யூனிட்களில் இருப்பது துணி, பாத்திரம், மெத்தை. நிகழ்ச்சி வந்தபின் புதுக்கூட்டம் கூடி விலை ஏறியது என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அவர்களுக்கு அது குறை. வாடகைக்கு இருந்தவர் பக்கமிருந்து பார்த்தால் நல்லதுதான்.

புதையல் கிடைத்த கதைகள் எல்லாம் கட்டுக்கதையா?

சில நிஜம். 1977-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தண்ணீருக்குள் ஓடும் வெள்ளை லோட்டஸ் கார் ஞாபகம் இருக்கிறதா? அது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு யூனிட்டில் பத்து வருஷ வாடகை முன்கூட்டிக் கட்டப்பட்டுக் கிடந்தது. 1989-ல் உள்ளே என்ன என்று பார்க்காமலே ஒரு தம்பதி சுமார் 100 டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். 2013-ல் அது லண்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர் ஈலான் மஸ்க்.

இப்படி ஒன்று நடந்தால் உலகமே பேசும். 50 டாலருக்கு வாங்கி 20 டாலருக்கு விற்ற ஆயிரம் யூனிட்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

உள்ளே கிடைத்தது எல்லாம் எனக்குச் சொந்தமா?

பொதுவாக, நேர்மையாக ஏலத்தில் வாங்கியவருக்குப் பொருள் சொந்தம். இரண்டு முக்கியமான விலக்குகள் உண்டு.

முதலாவது திருட்டுப் பொருள். நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டிலிருந்து 2000-ல் திருடுபோன 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரு யூனிட்டிலிருந்து கிடைத்தது. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த இதழ் அது. யூனிட்டை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அது கேஜிடம் திரும்பிப் போனது. அதே வருஷம் 21.6 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. எடுத்தவர் எவ்வளவு நேர்மையாக எடுத்திருந்தாலும், திருடிய பொருள் உரிமையோடு கைமாறாது.

இரண்டாவது, பதிப்புரிமை (காப்பிரைட்). சிகாகோவில் வீடுகளில் குழந்தை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மேயர் வாழ்நாள் முழுக்கத் தெருக்களில் படம் எடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேல். அநேகமாக யாரிடமும் காட்டவில்லை. வயதான காலத்தில் யூனிட் வாடகை கட்ட முடியாமல், 2007-ல் எல்லாம் ஏலத்தில் போனது. ஜான் மாலூஃப் என்ற இளைஞர் ஒரு பெட்டி நெகட்டிவ்களைச் சுமார் 400 டாலருக்கு வாங்கினார். 2009 ஏப்ரலில் மேயர் காலமானார். அதற்குப் பிறகுதான் அவர் படங்கள் இணையத்தில் பரவி, இன்று இருபதாம் நூற்றாண்டின் பெரிய தெருப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். நெகட்டிவ் வாங்கியவருக்கு அதை அச்சிட்டு விற்கும் உரிமை தானாக வராது என்று பிறகு வழக்கு எழுந்து, குக் கவுன்ட்டி நிர்வாகம் அவர் சொத்துக்குப் பொறுப்பேற்று, மாலூஃபுடன் 2016-ல் உடன்பாடு ஏற்பட்டது.

ஒவ்வொரு முறை நெகட்டிவ் சுருளோ கையெழுத்து நோட்டோ கண்ணில் படும்போது எனக்கு மேயர் ஞாபகம்தான். ஏலம் நடந்தபோது அவர் உயிரோடு, அதே ஊரில் இருந்தார்.

குடும்பப் படங்கள், சர்ட்டிஃபிகேட்கள் கிடைத்தால்?

ஆபீஸில் கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் ஏல விதியிலேயே இருக்கிறது. நான் 425 டாலருக்கு எடுத்த யூனிட்டில் ஈரம் படாமல் மேலே இருந்தது ஒரே ஒரு பெட்டி. மேலே ஆங்கிலத்தில் "அம்மா" என்று மார்க்கரால் எழுதியிருந்தது. உள்ளே ஒரு கல்யாண ஆல்பம், ஆஸ்பத்திரியில் குழந்தை கையில் கட்டும் பட்டை, ரப்பர்பேண்ட் போட்ட கடிதங்கள். ஆபீஸில் இருந்த பெண் வாங்கி, மேஜைக்கு அடியில் வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, "வந்து வாங்கிப் போய்விட்டார்கள்" என்றார். யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

துப்பாக்கியோ மருந்து மாத்திரையோ கிடைத்தால் தொடாமல் ஆபீஸுக்குச் சொல்லுங்கள். அஸ்திக் கலசமும் கிடைப்பதுண்டு. அதையும் அப்படியே ஒப்படையுங்கள்.

ஆன்லைன் ஏலம் எப்படி?

இப்போது பெரும்பகுதி அங்கேதான், ஸ்டோரேஜ்ட்ரெஷர்ஸ் போன்ற தளங்களில். வாசலில் நின்று எடுத்த சில படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வாசனை தெரியாது, எதிராளியின் முகமும் தெரியாது. தளத்துக்கென்று தனிக் கட்டணம் சேரும், அதை உச்ச விலைக்குள் கணக்கு வையுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஐந்து ஐந்து டாலராக ஏற்றிக்கொண்டே போவது ரொம்பச் சுலபம். அதனாலேயே உள்ளங்கை எண் இங்கே இன்னும் அவசியம்.

ஆரம்பிக்க எவ்வளவு பணம் வேண்டும்?

யூனிட்டுக்கு 200, 300 டாலர், டெபாசிட் 100, வேன் வாடகை, குப்பைக் கட்டணம். நல்ல டார்ச், கையுறை, சொந்தப் பூட்டு இரண்டு. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள்.

என் யூனிட்டே ஏலத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

இங்குள்ள தமிழர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இப்படி: விசா சிக்கலிலோ அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றோ ஊருக்குப் போவார்கள். சாமானை யூனிட்டில் போட்டுவிட்டு, கார்டில் தானாகக் கட்டும்படி வைத்திருப்பார்கள். கார்டு காலாவதியாகும். நோட்டீஸ் காலி செய்த பழைய வீட்டு விலாசத்துக்குப் போகும். யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் போகும் முன் விலாசத்தையும் ஈமெயிலையும் மாற்றிக் கொடுங்கள். இங்கே இருக்கும் ஒரு நண்பரின் பெயரை மாற்றுத் தொடர்பாகப் பதிவு செய்யுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் முதலில் போன் பண்ணுங்கள். ஏலம் விடுவது நிறுவனத்துக்கும் தலைவலிதான், பகுதிப் பணம் வாங்கிக்கொண்டு அவகாசம் தரும் மேனேஜர்கள் உண்டு. கணக்கில் தகராறு இருந்தால் ஆட்சேபப் படிவத்தை நிரப்பி, சொன்ன தேதிக்குள் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.

ஏலம் முடிந்தே விட்டது என்றால், அன்றைக்கே ஆபீஸைக் கூப்பிட்டு, குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் வாங்கியவரிடம் கேட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள். கூடவே, யூனிட் எவ்வளவுக்குப் போனது, பாக்கி போக மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கலிபோர்னியாவில் ஒரு வருஷம் வரை அது உங்கள் பணம்.